சைன் அலையும் இரண்டு அளவுகோல்களும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வேலை செய்கிற பட்டறைகளில் சைன் வரைபடம் அன்றாடம் வரையப்படுகிறது. வரைகிறவர்கள் அதற்கு அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘டெவலப்மென்ட் எடுக்கிறது’ என்பார்கள். ஏசி டக்ட்டுக்கோ தூசி உறிஞ்சும் குழாய்க்கோ ஓர் எல்போ தேவைப்படுகிறது. இரண்டு உருளைக் குழாய்களைச் சரிவாக வெட்டிச் செங்கோணத்தில் சேர்க்க வேண்டும். குழாயின் விட்டம் 100 மி.மீ. என்று கொள்வோம். சுற்றளவு 314 மி.மீ. ஜி.ஐ. தகட்டில் அந்த நீளத்துக்கு ஒரு கோடு இழுத்து 12 சம பாகமாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாகம் சுமார் 26.2 மி.மீ. பாகங்களுக்கு 0, 30, 60, 90 என்று 360 வரை பாகையில் பெயர் வைக்கலாம். வெட்டின் நடு உயரத்தில் தொடங்கினால், ஒவ்வொரு புள்ளியிலும் வைக்க வேண்டிய உயரம் 0, 25, 43.3, 50 மி.மீ. பிறகு இறங்குமுகமாக 43.3, 25, 0. மறுபாதிக்கு அதே அளவுகள் கோட்டுக்குக் கீழே. புள்ளிகளை இணைத்து வளைவாக வெட்டி, தகட்டை உருட்டினால் 45 பாகைச் சரிவில் வெட்டிய குழாய் வந்துவிடுகிறது.

தகட்டில் இருப்பது 50 சைன் x என்ற வரைபடம். அதன் கிடை அச்சு பாகையில் எண்ணிடப்பட்டிருக்கிறது. கணித ஆசிரியர் பலர் ‘பாகையில் வரைவது பத்தாம் வகுப்போடு சரி, மேற்கொண்டு ரேடியன்தான்’ என்று ஒதுக்குகிற அதே வகை வரைபடம்தான் இது. ஆனால் இதில் துளிப் பிழையில்லை. பிழையிருந்தால் இரண்டு குழாய்களும் சேராது.

பாகையில் சைன் வரைபடம் வரையலாமா, கூடாதா என்ற கேள்வியை இங்கிருந்துதான் எடை போட வேண்டும் என்று நினைக்கிறேன். இதுவரை இரு தரப்பும் வேறொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன என்பது என் வாதம்.

முதலில் பாகைக்கு எதிரான குற்றச்சாட்டு. அது வலுவானது. y = சைன் x என்பதை வரைபடத் தாளில் வரையுங்கள்; இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு. x பாகையில் இருந்தால் ஒரு முழு அலைக்கு 360 செ.மீ. வேண்டும். மூன்றரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள தாளில் அலை எழும்புவது மேலே ஒரு செ.மீ., கீழே ஒரு செ.மீ. அது தொடக்கத்தில் கிளம்பும் சாய்வு 0.01745. கண்ணுக்கு அது அச்சின் மேலேயே படுத்துக் கிடக்கும். கைபேசியில் டெஸ்மோஸ் செயலியைத் திறந்து அமைப்பை ரேடியனிலிருந்து பாகைக்கு மாற்றிப் பார்த்தாலும் இதே கதைதான். –10 முதல் 10 வரையுள்ள திரையில் அலை காணாமல் போய், ஏறக்குறைய கிடையான ஒரு கோடு மிஞ்சும். 10 என்ற இடத்தில்கூட அதன் உயரம் 0.17தான்.

எனவே எல்லோரும் செய்வது, கிடை அச்சை நெருக்கி, நெடு அச்சை இழுப்பது. x அச்சில் 1 செ.மீ. = 30 பாகை, y அச்சில் 5 செ.மீ. = 1 அலகு. அலை அழகாக எழும்பிவிடும். பக்கத்து மாணவி y அச்சில் 2 செ.மீ. = 1 அலகு என்று எடுத்திருந்தால் அவளுடைய அலை தாழ்ந்திருக்கும். இரண்டும் சரி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண் வரைபடக் கேள்விக்குப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்: தாளின் மூலையில் ஸ்கேல் எழுதிவிட்டால், எந்த ஸ்கேல் என்று யாரும் கேட்பதில்லை. இருபடிச் சார்புகளுக்கு அந்தச் சுதந்திரத்தால் பெரிய நஷ்டமில்லை. சைனுக்கு நஷ்டம் உண்டு. ஏனென்றால் சைன் அலைக்கென்று சொந்தமாக ஒரு வடிவம் இருக்கிறது. தகட்டில் அந்த வடிவத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. குழாயே அதைத் தீர்மானிக்கிறது. உயரம் 50 மி.மீ. என்றால் நீளம் 314 மி.மீ., அதை 300 ஆக்கவோ 360 ஆக்கவோ தகடு வேலைக்காரருக்கு உரிமையில்லை.

ஆக, நெருக்கி வரைந்த பாகை வரைபடத்திலிருந்து நாம் பெறுவது இவ்வளவுதான்: எங்கே பூச்சியம், எங்கே உச்சம், எங்கே குறி மாறுகிறது, எப்போது திரும்ப வருகிறது. சாய்வு பற்றி அது சொல்லும் எதையும் நம்ப முடியாது. அது வரைந்தவருடைய விருப்பம்.

இங்கே ரேடியன் தரப்பினர் வெற்றி முழக்கம் செய்வார்கள். ஆனால் அவர்கள் வரைகிற படத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பில் ரேடியன் வந்துவிடுகிறது. பன்னிரண்டில் நேர்மாறு முக்கோணவியல் சார்புகளுக்கு முன்னால் சைன், கொசைன் வரைபடங்கள் வருகின்றன. இத்தகைய படங்களில் அச்சின் மேல் π/2, π, 3π/2, 2π என்று எழுதியிருக்கும். 90, 180, 270, 360 இருந்த அதே இடங்களில் புதுப் பெயர்கள். நெடு அச்சு வழக்கம்போல் அவரவர் வசதிக்கு இழுக்கப்படுகிறது. இந்தப் படத்தில் 1 என்ற எண் x அச்சில் எங்கே வரும் என்று ஒரு மாணவரைக் கேட்டுப் பாருங்கள். π/2 என்பது 1.57 என்று நினைவுபடுத்திக்கொண்டு, அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு என்று கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். படம் அதைச் சொல்லவில்லை. y அச்சின் 1 எவ்வளவு நீளமோ அதே நீளம்தான் x அச்சின் 1-ம் என்பதை அது காட்டவேயில்லை. ரேடியனின் பலன் முழுவதும் அந்த ஒரு சமத்தில்தான் இருக்கிறது. அதை இழந்த ரேடியன் படம் பாகைப் படம்தான். பெயர்ப் பலகை மட்டும் மாறியிருக்கிறது.

இதைப் பார்க்க மிகத் தெளிவான சான்று 1,500 ஆண்டு பழையது. ஆரியபடர் கி.பி. 499-ஐ ஒட்டி இயற்றிய ஆரியபட்டியத்தில் ஒரு சைன் பட்டியல் இருக்கிறது. அவர் வட்டத்தைப் பஞ்சாங்கக்காரர்கள் இன்றும் பிரிப்பதுபோல் பிரித்தார்: 360 பாகை, பாகைக்கு 60 கலை, ஆக 21,600 கலை. கால் வட்டத்தை 24 பங்காக்கினால் ஒரு பங்கு 225 கலை, அதாவது மூன்றே முக்கால் பாகை. ஒவ்வொரு பங்குக்கும் அரை நாண் எவ்வளவு நீளுகிறது என்பதுதான் பட்டியல். நாம் இன்று சைன் என்பது 0 முதல் 1 வரை என்கிறோம். அவர் ஆரத்தை 1 என்று வைக்கவில்லை. 3,438 என்று வைத்தார். ஏன் அந்த எண்? சுற்றளவு 21,600 கலை என்றால், அதை 2π-ஆல் வகுக்க ஆரம் 3,437.75 கலை வருகிறது. வில்லை எந்தக் கலையால் அளந்தாரோ, அதே கலையால் ஆரத்தையும் நாணையும் அளந்தார்.

விளைவைப் பட்டியலின் முதல் வரியிலேயே காணலாம். 225 கலை வில்லுக்கு அரை நாண் 225 கலை. இரண்டாம் பங்குக்குக் கூடுவது 224, மூன்றாவதற்கு 222, நான்காவதற்கு 219. கடைசிப் பங்குக்கு வரும்போது கூடுவது வெறும் 7. மொத்தம் 3,438. தொடக்கத்தில் வில்லும் நாணும் ஒன்றாகவே வளர்ந்து, பிறகு மெல்ல மெல்ல நாண் பின்தங்குகிறது. இன்று பதினோராம் வகுப்பில், x பூச்சியத்தை நெருங்கும்போது சைன் x / x என்பதன் எல்லை 1 என்று படிக்கிறார்கள்; பலர் அதைப் பாடமாகத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆரியபடரின் பட்டியலில் அது 225-க்கு 225 என்று வெறும் எண்ணாகக் கிடக்கிறது. அந்த எண்கள் பாகையின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். அங்கே ரேடியன் என்று எதுவுமில்லை. பாகையை வைத்துக்கொண்டே அவர் சரியான வடிவத்தை எட்டினார், ஏனென்றால் இரண்டு திசைக்கும் ஒரே கோலைப் பயன்படுத்தினார்.

இதையே இன்றைய வரைபடத் தாளில் செய்யலாம். y = சைன் x என்று வரைவதற்குப் பதில் y = 57.3 சைன் x என்று வரையுங்கள். ஒரு ரேடியன் 57.3 பாகைக்குச் சற்றுக் குறைவு. அதுதான் பாகையில் அளந்த ஆரம். இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 10 அலகு. 10 பாகைக்கு உயரம் 9.95. 30-க்கு 28.65. 60-க்கு 49.6. 90-க்கு 57.3. வளைவு தொடக்கப் புள்ளியிலிருந்து 45 பாகைச் சாய்வில் கிளம்புவதைப் பாகைமானியை வைத்தே சோதிக்கலாம். 18 செ.மீ. நீளத்தில் அரை அலை முடிந்துவிடும், 5.73 செ.மீ. உயரம். தாள் கொள்ளும். இந்தப் படத்தை வரைந்து முடித்த பிள்ளைக்கு அடுத்த நாள் ரேடியனைச் சொன்னால் போதும்: எல்லாவற்றையும் 57.3-ஆல் வகுத்துவிடு, ஆரம் 1 ஆகிவிடும், படம் இம்மியும் மாறாது.

இனி பாகையின் பக்கம் இருக்கிற நியாயங்கள். அவற்றை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, குறிப்பாகப் பட்டறைகள் நிறைந்த இந்தப் பகுதியில். ரேடியனில் கோடு போட்ட பாகைமானி எந்த ஜாமெட்ரி பாக்ஸிலும் கிடையாது. சைன் பாரின் மேல் வேலைப்பொருளை வைத்து ஸ்லிப் கேஜ் அடுக்குகிறவர் 30 டிகிரி என்றால் 200 மி.மீ. பாருக்கு 100 மி.மீ. உயரம் என்று மனக்கணக்காகவே சொல்வார். மில்லிங் மெஷினின் டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று சுற்றும்; ஒரு சுற்றுக்கு 9 டிகிரி. முழு எண்ணாக வருகிறது, ஞாபகத்தில் நிற்கிறது. ரேடியனில் இதே கணக்கு 0.157 என்று முடிவில்லாத தசமமாக நீளும். ஒரு முழுச் சுற்றை முழு எண்களாகப் பங்கு போட ரேடியனால் இயலாது. பாகை அதற்காகவே இருக்கிறது.

சி.என்.சி. எந்திரங்களைப் பாருங்கள். ஃபானுக் கன்ட்ரோலில் மேக்ரோ எழுதும்போது சைன், காஸ் கட்டளைகளுக்குள் கொடுக்கிற கோணம் பாகையில்தான் இருக்க வேண்டும். 90 பாகை 30 கலை என்றால் 90.5 என்று எழுத வேண்டும். ஒரு நீள்வட்டத்தை வெட்ட வேண்டுமானால் ஒரு மாறியை 0-இல் தொடங்கி, ஒவ்வொரு பாகையாகக் கூட்டி, 360 வரை சுற்றவிட்டு, ஒவ்வொரு தடவையும் x-க்குக் காஸ், y-க்கு சைன் என்று கணக்கிட்டுக் கருவியை நகர்த்துகிறார்கள். பாகையில் எண்ணிட்ட வரைபடத்தை எஃகிலேயே வரைகிற வேலை இது. இதில் குறை சொல்ல எதுவுமில்லை. கோணம் வெறும் சுட்டெண்ணாக நிற்கிறது. அதை யாரும் நீளத்தோடு கூட்டுவதில்லை, அதன் சாய்வை யாரும் கேட்பதில்லை. மூன்று ஃபேஸ் மின்சாரம் 120 பாகை இடைவெளியில் வருகிறது என்று எலக்ட்ரீஷியன் படிப்பில் வரைகிற மூன்று அலைகளுக்கும் இதே தீர்ப்புதான்: பாகையே சரி.

வம்பு தொடங்குவது இரண்டு கோல்கள் ஒரே வரியில் கலக்கும்போது. மின்னியல் பாடங்களில் சகஜமாக வருகிற ஒரு கோவை: v = 325 சைன்(314t + 30°). வீட்டு மின்சாரம் 230 வோல்ட், உச்சம் 325, நொடிக்கு 50 சுற்று என்பதால் 314. இதில் 314t ரேடியனில் இருக்கிறது, 30 பாகையில் இருக்கிறது. t = 0.005 நொடி என்று போட்டால் 314t என்பது 1.57, அதாவது 90 பாகை. எனவே மொத்தம் 120 பாகை, மின்னழுத்தம் 281 வோல்ட். கால்குலேட்டரைப் பாகை நிலையில் வைத்து 1.57-ஐயும் 30-ஐயும் அப்படியே கூட்டுகிறவருக்கு 170 வோல்ட் வரும். விடையைப் பார்த்தால் சந்தேகமே எழாது. இந்த எழுத்துமுறையை நான் குற்றம் என்றே சொல்வேன். பழகியவர்களுக்கு இது சுருக்கெழுத்து. முதல் வருடப் பிள்ளைக்கு இது குழி. சைனுக்குள் இருக்கும் இரண்டு உறுப்புகளும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும் என்று பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டும்.

கணினியில் இதைவிட வஞ்சகமான ஒன்று நடக்கிறது. எக்செல், பைதான் இரண்டிலும் சைன் கட்டளை ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். எக்செல்லில் ஒரு நெடுவரிசையில் 0, 45, 90 என்று 360 வரை எழுதி, பக்கத்தில் அவற்றின் சைனைக் கேட்டு, வளைவான கோடாக வரைபடம் போடுங்கள். வருகிற எண்கள் 0, 0.85, 0.89, 0.09, –0.80, –0.93, –0.18, 0.75, 0.96. படத்தில் ஒரு நல்ல அலை தெரியும். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். 180-இல் பூச்சியமாக வேண்டியது –0.80-இல் கிடக்கிறது, 360-இல் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டியது உச்சத்துக்கு அருகில் நிற்கிறது. ஆனால் அலையின் பொதுவான சாயல் கெடவில்லை. 45 ரேடியன் என்பது ஏழு முழுச் சுற்றும் கூடவே ஒரு ரேடியன் சொச்சமும் என்பதால் இந்த மாயம். இரண்டு அச்சிலும் ஒரே கோல் வைத்து, 45 பாகைச் சாய்வில் கிளம்புகிற அலையை ஒரு முறையேனும் கையால் வரைந்திருக்கிற மாணவர் இந்தப் படத்தில் ஏமாறமாட்டார். பூச்சியங்களை முதலில் தேடுவார்.

சாய்வு கேட்கப்படும்போது பாகை எப்படித் தோற்கிறது என்பதற்கு நம் தலைக்கு மேலேயே உதாரணம் இருக்கிறது. சென்னையின் மேற்குப் புறநகர்கள் சுமார் 13 பாகை வட அகலாங்கில் இருக்கின்றன. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் கொண்டாடுகிறார்கள். சூரியன் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை 23.45 சைன்(360n/365) என்று தோராயமாகக் கணக்கிடலாம். இதில் n என்பது மார்ச் சம இரவு நாளிலிருந்து எண்ணுகிற நாள்கள். இரண்டு பக்கமும் பாகை. நிழலில்லா நாளைத் தேட இந்த வரைபடம் மிகப் பொருத்தம்: 13-இல் கிடைக்கோடு போட்டு, வெட்டுகிற இடத்தில் தேதியைப் படிக்க வேண்டியதுதான். ஆனால் சம இரவு நாளன்று சூரியன் ஒரு நாளைக்கு எவ்வளவு நகர்கிறது என்று கேட்டு, சைனை வகையிட்டால் கொசைன் என்று நேராகப் போனால் 23.45-ஐ 360/365-ஆல் பெருக்கி, நாளுக்கு 23 பாகை என்று வரும். நிலநடுக்கோட்டிலிருந்து கடக ரேகைக்கு ஏறக்குறைய ஒரே நாளில் பயணம்! சரியான விடை நாளுக்கு 0.4 பாகை. இடையில் விடுபட்டது அந்த 57.3. இரண்டு முறை வகையிட்டால் பிழையும் இரண்டு முறை பெருகும்; 57.3-இன் வர்க்கம் சுமார் 3,283. கேம் வடிவமைக்கிறவர் பாகை அச்சில் வரைந்த படத்திலிருந்து வால்வின் முடுக்கத்தைக் கணக்கிடும்போது இந்த எண்ணை மறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆவடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்குள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பின்னாளில் சோவியத் வழி டி-72 டாங்கிகளும் அங்கே உருவாயின. டாங்கி என்றால் பீரங்கி; பீரங்கி என்றால் குறிபார்க்கும் கோணம். பீரங்கிப் படைகள் உலகெங்கும் பாகையை விட்டு மில் என்ற அளவுக்குப் போனதற்குக் காரணம் நடைமுறைத் தேவை. மில் என்பது ரேடியனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1 கி.மீ. தூரத்தில் 1 மீட்டர் அகலம் தெரிகிற கோணம் 1 மில். தூரத்தையும் அகலத்தையும் ஒரே கோலால் அளந்ததன் பலன் அங்கே உடனே கிடைக்கிறது. ஆனால் சரியான கணக்குப்படி வட்டத்துக்கு 6,283 மில் வர வேண்டும். அதை வைத்துச் சுற்றைப் பங்கு போட முடியாது. எனவே மேற்கு நாடுகள் 6,400 என்றும், சோவியத் மரபு 6,000 என்றும் முழு எண்ணாக்கிக்கொண்டன. பங்கு போடுவதற்கு ஒன்று, தூரத்தோடு சேர்த்துக் கணக்கிட இன்னொன்று என்ற இரண்டு தேவைகளும் உண்மையானவை. படைகளாலேயே இரண்டையும் ஒரே எண்ணில் அடக்க முடியவில்லை.

ஆகவே தீர்ப்பு. பாகையில் சார்புகளை வரைவதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குவதை நான் நிராகரிக்கிறேன். கோணம் கருவியால் அளந்து வருவதாக இருந்து, வரைபடத்திடம் நாம் கேட்பது ‘எங்கே’, ‘எப்போது’ மட்டுமே என்றால் பாகைதான் சிறந்தது. அங்கே ரேடியனைத் திணிப்பது வீண். சாய்வோ பரப்போ கேட்கப்பட்டால், அல்லது x + சைன் x போல x-உம் சைனும் ஒரே கூட்டலுக்குள் வந்தால், பாகை தகுதியிழக்கிறது. அதில் சமரசத்துக்கு இடமில்லை. பள்ளியில் வரையப்படும் படங்களைப் பொறுத்தவரை, பாகைப் படம், ரேடியன் படம் இரண்டையுமே இப்போதிருக்கிற நிலையில் நான் ஏற்கமாட்டேன். இரண்டிலும் கிடைக்கோலும் நெடுக்கோலும் தனித்தனியாக இருக்கின்றன. எதில் எழுதினாலும் வடிவம் பொய்யாகவே வரும்.

பதினோராம் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்குக் கொடுக்கலாம். முதல் தாளில் 57.3 சைன் x, இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 10. இரண்டாம் தாளில் x அச்சில் π/2 எழுதாமல் 1, 2, 3 என்று எண்களையே எழுதி, இரண்டு அச்சிலும் 5.73 செ.மீ. = 1 என்று வைத்து சைன் x. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் வளைவுகள் பொருந்த வேண்டும். பொருந்தாத தாளை மறுபடி வரையச் சொல்லலாம். π/2, π எழுதிய படங்கள் அதற்கு அடுத்த வாரம் வரட்டும்.